விமான எரிபொருள் சிக்கனமும் பயணியும்: சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து பறப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எண்ணெய் விலை ஏறுகிறது என்று செய்தியில் ஒரு வரி வந்தால் போதும், தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகத் திட்டமிட்டவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். டிக்கெட் ஏறுமா, பெட்டி எடையைக் குறைப்பார்களா, ஏசியை நிறுத்துவார்களா என்று கேள்விகள் வரிசைகட்டும். அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில். கணக்குகள் எல்லாம் ஜெட் எரிபொருள் பீப்பாய்க்கு 90 அமெரிக்க டாலர், ஒரு டாலருக்கு 1.30 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்துப் போட்டவை. விலை மாறினால் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான் கொடுக்கும் டிக்கெட் பணத்தில் எரிபொருளுக்கு எவ்வளவு போகிறது?

விமான நிறுவனங்களின் இயக்கச் செலவில் பொதுவாக 25 முதல் 30 விழுக்காடு எரிபொருளுக்குப் போகிறது. இந்தப் பொதுக் கணக்கைவிட உங்கள் பயணத்தின் கணக்கு பயன்படும்.

சிங்கப்பூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், நான்கு மணி நேரப் பயணம். ஏர்பஸ் ஏ320நியோ விமானம் மணிக்கு 2.2 முதல் 2.5 டன் வரை எரிக்கும். மொத்தம் 9 டன் என்று வைப்போம். 186 இருக்கைகளில் 158 பேர் இருந்தால் தலைக்கு 57 கிலோ, அதாவது 71 லிட்டர். ஒரு பீப்பாய் 159 லிட்டர். ஆக நீங்கள் சென்னை போய்ச் சேர அரைப் பீப்பாய்க்குச் சற்றுக் குறைவாக எரிகிறது. ஒருவழிக்கு 40 அமெரிக்க டாலர், நம் காசில் 52 வெள்ளி.

இதிலிருந்து ஒரு கைக்கணக்கு கிடைக்கிறது. பீப்பாய் விலை 10 டாலர் ஏறினால் சென்னைக்கு ஒருவழிச் செலவு தலைக்கு 6 வெள்ளி கூடும். லண்டனுக்கு ஏ350 விமானத்தில் தலைக்குக் கிட்டத்தட்ட மூன்று பீப்பாய் எரியும். அங்கே அதே 10 டாலர் ஏற்றம் 38 வெள்ளி ஆகிவிடும். எண்ணெய் விலை தொலைதூரப் பயணியைத்தான் அதிகம் கடிக்கிறது.

நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறையில் சென்னை டிக்கெட் 200 வெள்ளி கூடினால் அதற்கு எண்ணெய்மீது பழி போட முடியாது. அது முழுக்க முழுக்கக் கூட்டத்தின் விலை.

எண்ணெய் விலை இறங்கும்போது கட்டணம் இறங்குவதில்லையே, ஏன்?

காரணங்கள் இரண்டு. ஒன்று, டிக்கெட் விலையைச் செலவு தீர்மானிப்பதில்லை, இருக்கைக்கு உள்ள தேவை தீர்மானிக்கிறது. செலவு கட்டுப்படியாகாத வழித்தடத்தில் விமானங்களைக் குறைப்பார்கள். இருக்கை குறைந்தால் விலை ஏறும். எரிபொருள் மலிந்தால் இதே சங்கிலி எதிர்த்திசையில் ஓட வேண்டும். ஆனால் கூடுதல் பயணங்களை இயக்க விமானமும் விமானியும் வேண்டும் என்பதால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

இன்னொன்று, பல நிறுவனங்கள் எரிபொருளின் ஒரு பகுதியை முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் செய்துவிடும். சந்தை விலை ஏறினால் லாபம், இறங்கினால் நட்டம். 2016இல் கெத்தே பசிபிக் இப்படி எட்டு பில்லியன் ஹாங்காங் டாலருக்கு மேல் இழந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2019/20 நிதியாண்டில் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக ஆண்டு நட்டம் காட்டியதற்கும் இத்தகைய ஒப்பந்தங்கள் பெரிய காரணம். கொரோனாவால் விமானங்களே பறக்காதபோது, வாங்கத் தேவைப்படாத எரிபொருளுக்குப் பேசிவைத்த விலை கழுத்தை நெரித்தது.

டிக்கெட்டில் எரிபொருள் கூடுதல் கட்டணம் தனியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பணம் கட்டும் முன் கட்டண விவரத்தைத் திறந்து பாருங்கள். ஒய்கியூ அல்லது ஒய்ஆர் என்ற ஈரெழுத்துக் குறியீட்டின் எதிரே ஒரு தொகை இருந்தால் அதுதான். வரிகள் பகுதியில் அது இருந்தாலும் அரசாங்க வரி அல்ல. முழுவதும் விமான நிறுவனத்துக்கே போகிறது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017 மார்ச் இறுதியில் இந்தக் கட்டணத்தைத் தனியே வாங்குவதை நிறுத்தி, அடிப்படைக் கட்டணத்துக்குள் சேர்த்துவிட்டது. சேர்த்துவைத்த விமான மைல் புள்ளிகளைக் கொடுத்து டிக்கெட் எடுப்பவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அதே மைல்களைக் கொண்டு வேறொரு கூட்டாளி நிறுவனத்தின் இருக்கையை வாங்கினால் கூடுதல் கட்டணம் வந்து நிற்கலாம். "இலவச" டிக்கெட்டுக்குச் சில நூறு வெள்ளி கட்ட வேண்டிவருவது இப்படித்தான். கடைசித் திரைவரை போய்ப் பார்த்துவிட்டே மைல்களை மாற்றுங்கள். மாற்றிய மைல் திரும்பி வராது.

கவனிக்க வேண்டியது தேதி. கட்டணம் டிக்கெட் வெளியிட்ட நாளின்படி கணக்கிடப்படும். நீங்கள் வாங்கிய பிறகு ஏறினால் பொதுவாக உங்களிடம் வந்து மிச்சம் கேட்கமாட்டார்கள். பயணத் தேதியை நீங்களே மாற்றினால் கதை வேறு. டிக்கெட் மறுபடி வெளியிடப்படும், அன்றைய கட்டணம் ஒட்டிக்கொள்ளும். விலை ஏறிவரும் காலத்தில் தேதியை உறுதிசெய்துகொண்டு வாங்குவது நல்லது.

சிங்கப்பூரில் 2020 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டிகளின்படி, தவிர்க்க முடியாத கட்டணங்களை ஒளித்துவைத்துக் கடைசியில் காட்டுவதும், நீங்கள் கேட்காத சேவைக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைப்பதும் சிக்கலுக்குரியவை. முதல் திரையில் 99 வெள்ளி, கடைசித் திரையில் 160 என்றால் இரண்டையும் படம் பிடித்து வையுங்கள்.

பசுமை எரிபொருள் தீர்வை என்பது என்ன?

நீடித்த நிலைத்தன்மைமிக்க விமான எரிபொருளை வாங்கச் சிங்கப்பூர் அரசாங்கம் பயணிகளிடம் வசூலிக்கத் திட்டமிட்ட தொகை அது. பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு போன்றவற்றிலிருந்து இந்த எரிபொருள் தயாராகிறது. சிங்கப்பூரின் துவாசில் நெஸ்டே நிறுவனத்தின் ஆலை ஆண்டுக்கு ஒரு மில்லியன் டன் வரை செய்யக்கூடியது. சாதாரண எரிபொருளைவிட இது பல மடங்கு விலை. 2026இல் 1 விழுக்காடு, 2030க்குள் 3 முதல் 5 விழுக்காடு என்பது சிங்கப்பூரின் இலக்கு.

2025 நவம்பரில் அறிவித்தபடி, 2026 ஏப்ரல் 1 முதல் விற்கும் டிக்கெட்டுகளில், 2026 அக்டோபர் 1 முதல் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பயணங்களுக்கு இது பொருந்தும் என்பது திட்டம். எக்கானமி, பிரீமியம் எக்கானமி வகுப்புகளுக்குத் தென்கிழக்காசியா 1 வெள்ளி. இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசியா, வடகிழக்காசியா, ஆஸ்திரேலியா 2.80 வெள்ளி, ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, நியூசிலாந்து 6.40 வெள்ளி; அமெரிக்கக் கண்டங்கள் 10.40 வெள்ளி. பிசினஸ், முதல் வகுப்புக்கு நான்கு மடங்கு. சாங்கியில் விமானம் மட்டும் மாறிப் போகிறவர்களுக்கு இல்லை. ஊரிலிருந்து திரும்பி வரும் பயணத்துக்கும் இல்லை.

மதுரைக்குப் போகும் நால்வர் குடும்பத்துக்கு மொத்தம் 11.20 வெள்ளி. டிக்கெட் கைக்கு எட்டாமல் போவதற்கு இதைக் காரணம் சொன்னால் நம்ப வேண்டாம். டிக்கெட்டில் இது தனி வரியாக வர வேண்டும் என்பதால் சரிபார்ப்பதும் எளிது.

பெட்டிக்குப் பணம் வாங்குவது எரிபொருளுக்காகத்தானே?

பாதி உண்மை. விமானம் சுமக்கும் கூடுதல் எடையில் மணிக்கு 3 விழுக்காடு அளவுக்கு எரிபொருள் கூடுதலாக எரியும் என்பது துறையில் எல்லாரும் கையாளும் கணக்கு. 10 கிலோ பெட்டி நான்கு மணி நேரம் பறந்தால் 1.2 கிலோ எரிபொருள், அதாவது ஒன்றரை லிட்டர். விலை ஏறத்தாழ 1 வெள்ளி 10 காசு. கோப்பிக்கடையில் ஒரு கோப்பிகூட வராது. அதே 10 கிலோவுக்கு நீங்கள் கட்டுவது பல பத்து வெள்ளி.

ஆனால் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. 158 பேரும் 10 கிலோ குறைத்தால் ஒரு பயணத்துக்கு 190 கிலோ எரிபொருள் மிச்சம். நாள்தோறும் ஒருமுறை போய்த் திரும்புகிறது என்று வைத்தால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1 லட்சம் அமெரிக்க டாலர், அதுவும் ஒரே வழித்தடத்தில். அமெரிக்காவில் யுனைடெட் நிறுவனம் 2018இல் தன் விமான இதழை மெலிந்த தாளில் அச்சிட்டது. ஓர் இதழுக்கு 28 கிராம்தான் குறைந்தது, ஆண்டுக்கு 170,000 கேலன் மிச்சம் என்றது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013இல் விமானிகளின் 16 கிலோ காகிதப் பையை எடுத்துவிட்டு டேப்லட் கொடுத்தது, 400,000 கேலன் மிச்சம்.

ஆகப் பெட்டிக் கட்டணம் உங்களைக் குறைவாகக் கொண்டுவர வைக்கிறது. அதோடு நல்ல வருமானம். பெட்டி ஏற்றும் ஆள், நேரம், சரக்குக்கு விற்கக்கூடிய இடம் ஆகியவற்றின் விலையும் அதில் இருக்கிறது. எரிபொருளை மட்டும் சொல்வது விளம்பர மொழி.

நடைமுறையில்: பெட்டி எடையை முன்பதிவின்போதே வாங்குங்கள், விமான நிலையக் கவுண்டரில் அது எப்போதும் விலை அதிகம். காலிப் பெட்டியே 4, 5 கிலோ கனக்கும். முஸ்தபாவில் சாமான் வாங்கி நிரப்பும் முன் காலிப் பெட்டியை ஒருமுறை எடை போடுங்கள். குடும்பமாகப் போனால் ஒரே முன்பதிவில் எடையைப் பகிர்ந்துகொள்ள விடுகிறார்களா என்று கேளுங்கள். எத்தனை கிலோ வாங்கியிருந்தாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்குபவரின் முதுகெலும்புக்காக வைத்த வரம்பு அது, எரிபொருளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பயணிகளையும் எடை போடத் தொடங்கிவிடுவார்களா?

கட்டணத்துக்காக அல்ல. விமானத்தின் மொத்த எடையைக் கணக்கிட ஒவ்வொரு பயணிக்கும் ஒரு சராசரி எடை வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய விதியில் கைப்பையோடு சேர்த்து 84 கிலோ. அந்தச் சராசரி சரிதானா என்று பார்க்க, 2023இல் ஏர் நியூசிலாந்தும் கொரியன் ஏரும், 2024இல் ஃபின்ஏரும் பயணிகளை எடை போட்டன, பெயர் பதிவாகாது. எடைக்கேற்ற கட்டணத்தை 2013இல் சமோவாவின் ஒரு சிறு நிறுவனம் வைத்தது. பெரிய நிறுவனங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

2009இல் ஜப்பானின் ஏஎன்ஏ, விமானம் ஏறும் முன் கழிவறைக்குப் போய்விட்டு வரும்படி பயணிகளைக் கேட்டுப் பார்த்தது. எரிபொருளைப் பற்றிக் கவலை இல்லாவிட்டாலும் நல்ல யோசனைதான்.

திருச்சியில் இறங்கினால் பெட்டி வரவில்லை, "அடுத்த விமானத்தில் வரும்" என்கிறார்கள். எரிபொருளுக்காக விட்டுவிட்டு வந்தார்களா?

எரிபொருளை மிச்சப்படுத்த என்பதைவிட, எரிபொருளுக்கு இடம் கொடுக்க என்பது சரி. ஒவ்வொரு விமானத்துக்கும் எழும்போதும் இறங்கும்போதும் எடை வரம்பு உண்டு. சாங்கியின் ஓடுபாதை 4 கிலோமீட்டர். திருச்சியில் சுமார் இரண்டரைதான். ஓடுபாதை குட்டை, வெயில் நேரத்தில் சூடான காற்று மெலிந்து எஞ்சினின் உந்துவிசையும் இறக்கையின் தூக்குவிசையும் குறைவு, ஓடுபாதை நனைந்திருந்தால் நிறுத்தும் தூரம் கூடுதல். இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அனுமதிக்கப்பட்ட எடை இறங்கும்.

வானிலை மோசமாக இருந்து விமானி கூடுதலாக ஒரு டன் எரிபொருள் கேட்டால் அந்த ஒரு டன் வேறெங்காவது குறைய வேண்டும். முதலில் சரக்கைக் குறைப்பார்கள். அதுவும் போதாவிட்டால் பெட்டிகள். கடைசியாகத்தான் பயணிகள். எல்லாரும் 30 கிலோ வாங்கிக்கொண்டு நிறைந்து போகும் பண்டிகைக் கால விமானத்தில் இது நடக்க வாய்ப்பு அதிகம். சில நேரம், போகும் ஊரில் எரிபொருள் விலை அதிகம் என்று திரும்பி வருவதற்கான எரிபொருளையும் இங்கேயே நிரப்பிக்கொண்டு போவார்கள். அப்போதும் எடை நெருக்கும்.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் சாமான் கவுண்டரில் பெட்டி வராததைப் பதிவுசெய்யும் பிஐஆர் அறிக்கையைக் கொடுத்து எண்ணை வாங்குங்கள். வெளியே வந்த பிறகு புகார் கொடுத்தால் நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். மாற்றுத்துணி, பல்விளக்கும் சாமான் போன்ற அவசியமானவற்றை வாங்கிய ரசீதை வைத்திருங்கள். விமானப் பயணிகளுக்கான இழப்பீட்டை வகுக்கும் மான்ட்ரியல் உடன்பாட்டில் சிங்கப்பூர், இந்தியா இரண்டும் இருக்கின்றன. அதன்படி பெட்டி சேதத்துக்கு 7 நாளிலும், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளிலும் எழுத்தில் புகார் போக வேண்டும். 21 நாள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதலாம். பொறுப்பின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகுகள் (அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு). இது உச்சவரம்புதான்; இழப்பைக் காட்டினால்தான் கிடைக்கும். மருந்து, நகை, சாவி, வேட்டி, கல்யாணப் புடவை இவற்றைக் கைப்பையில் வையுங்கள்.

ஏறி உட்கார்ந்ததும் உள்ளே புழுங்குகிறது. ஏசியை அணைத்துக் காசு மிச்சம் பிடிக்கிறார்களா?

இந்தச் சந்தேகம் நியாயமானது. எஞ்சின் ஓடாதபோது விமானத்துக்கு மின்சாரமும் குளிர்காற்றும் வால்பகுதியில் உள்ள ஏபியு என்ற சிறு எஞ்சினிலிருந்து வரலாம். ஏ320 வகையில் அது மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எரிக்கும். ஆகவே நுழைவாயிலில் நிற்கும்போது அதை அணைத்துவிட்டு, நிலையத்தின் மின்சாரத்தையும் குழாய்வழி வரும் குளிர்காற்றையும் பயன்படுத்துவார்கள். குழாய் சரியாகப் பொருத்தப்படாவிட்டாலோ, பேருந்தில் போய் ஏறும் தொலைவிடத்தில் குளிர்காற்று வசதி இல்லாவிட்டாலோ, 32 டிகிரி வெயிலில் 180 பேர் உட்கார்ந்த கேபின் சில நிமிடத்தில் சூடாகிவிடும்.

சன்னல் திரையை இறக்குங்கள், தலைக்கு மேலுள்ள காற்றுத் துளையைத் திறங்கள். குழந்தையோ முதியவரோ சிரமப்பட்டால் பணியாளரிடம் சொல்லுங்கள். ஏபியுவை இயக்கும்படி விமானியிடம் கேட்க அவர்களால் முடியும். எழும்பும் நேரத்தில் ஓரிரு நிமிடம் காற்று நின்றதுபோல் இருந்தால் பயப்பட வேண்டாம். எஞ்சினின் முழு விசையும் எழும்பப் பயன்படட்டும் என்று ஏசியைத் துண்டித்திருப்பார்கள்.

ஓடுபாதைக்குப் போகும்போது தரைக்குக் கீழே நாய் குரைப்பதுபோல் சத்தம் வருகிறதே?

ஏ320 குடும்பத்தில் அது சாதாரணம். தரையில் ஓட ஒரே எஞ்சின் போதும் என்று இன்னொன்றை இயக்காமல் வைத்திருப்பார்கள். இரண்டு எஞ்சினோடும் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ எரியும், ஒன்றோடு அது கணிசமாகக் குறையும். ஒரு பக்க எஞ்சின் ஓடாததால் இருபுறமும் உள்ள நீரழுத்தக் குழாய்களில் அழுத்தம் வேறுபடும். அதைச் சமன்செய்யும் கருவிதான் விட்டுவிட்டுக் குரைக்கிறது. இரண்டாவது எஞ்சினை எழும்பச் சில நிமிடம் முன்பே இயக்கிச் சூடேற்றிவிடுவார்கள்.

உள்ளே சுற்றும் காற்றைக் குறைத்துவிட்டார்களா?

கேபின் காற்றில் ஏறத்தாழ பாதி வெளிக்காற்று, பாதி வடிகட்டித் திரும்பவரும் காற்று. முழுவதும் வெளிக்காற்றாக இருந்தால் எரிபொருள் கூடும் என்பது உண்மை. திரும்பவரும் காற்று 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் வடிகட்டி வழியாகப் போகிறது, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கேபின் காற்று முழுவதும் மாறிவிடும்.

போயிங் 787இல் சிக்கனம் பயணிக்குச் சாதகமாகவே முடிந்தது. கூட்டுப்பொருளால் ஆன உடல் எடை குறைவு, அதே நேரம் உறுதி அதிகம். அதனால் கேபின் அழுத்தத்தை 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்க முடிகிறது. பழைய விமானங்களில் 8,000 அடி வரை போகும். ஏ350யிலும் இப்படியே. இறங்கும்போது தலைவலியும் களைப்பும் குறைவாக இருப்பதைப் பலர் உணர்கிறார்கள். ஒரே விலையில் இரண்டு விமானம் இருந்தால், நீண்ட பயணத்துக்கு விமான வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பலன் தரும்.

வேண்டுமென்றே மெதுவாகப் பறக்கிறார்களா?

ஆம், ஓரளவு. ஒவ்வொரு பயணத்துக்கும் நேரத்தின் விலையையும் எரிபொருளின் விலையையும் ஒப்பிட்டு ஓர் எண்ணை விமானக் கணினியில் போடுவார்கள். எரிபொருள் விலை ஏறினால் எண் குறையும், வேகமும் குறையும். சென்னைப் பயணத்தில் வித்தியாசம் ஐந்து நிமிடம், மிச்சம் ஒன்றிரண்டு விழுக்காடு. 2008இல் எண்ணெய் உச்சத்தில் இருந்தபோது அமெரிக்காவின் சௌத்வெஸ்ட் ஒரு பயணத்துக்கு 1 முதல் 3 நிமிடம் கூட்டி ஆண்டுக்கு 42 மில்லியன் டாலர் மிச்சமாகும் என்று கணித்தது. அட்டவணையில் ஏற்கெனவே அந்த நிமிடங்களைச் சேர்த்துவிடுவதால் நீங்கள் "சரியான நேரத்தில்" இறங்குவீர்கள். தாமதமாகக் கிளம்பிய விமானம் வேகமாகப் பறந்து ஈடுகட்டுவது முன்புபோல் இல்லை என்பதே நீங்கள் உணரக்கூடிய மாற்றம். தொடர் விமானத்துக்கு ஒரு மணி நேரம்தான் இடைவெளி என்றால் அதை நம்பி வாங்காதீர்கள்.

எரிபொருளைக் குறைத்து ஏற்றுவது ஆபத்தில்லையா?

குறைக்கக்கூடிய பகுதியும் கைவைக்கவே கூடாத பகுதியும் தனித்தனி. சென்னைப் பயணத்துக்கு உதாரணமாக இப்படி இருக்கும்: தரையில் ஓட 150 முதல் 200 கிலோ, பயணத்துக்கு 9,000, எதிர்பாராததற்குப் பயண அளவில் 5 விழுக்காடு, அதாவது 450, சென்னையில் இறங்க முடியாவிட்டால் பெங்களூரு போல ஒரு மாற்று நிலையத்துக்குப் போக ஏறத்தாழ 1,500, கடைசியாக, 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமிடத் தேவையான இறுதி இருப்பு, கிட்டத்தட்ட 1,100. இதற்கு மேல் விமானி தன் கணிப்பில் கேட்பது தனி.

இறுதி இருப்பில் கைவைக்க நேரும் என்று தெரிந்தால் விமானி அபாய அழைப்பு விடுக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. நிறுவனங்கள் குறைக்கப் பார்ப்பது விமானி வழக்கமாகச் சேர்க்கும் அந்தக் கூடுதலைத்தான். தரவு நன்றாக இருந்தால் எதிர்பாராததற்கான 5 விழுக்காட்டையும் சில ஒழுங்குமுறைகள் குறைக்க அனுமதிக்கின்றன.

இதன் விளைவைப் பயணி உணர்வது பாதுகாப்பில் அல்ல, திசைதிருப்பத்தில். சாங்கியின்மீது விடியற்காலை சுமத்ரா காற்றுமழை வந்தால், கூடுதல் எரிபொருள் வைத்திருக்கும் விமானம் வட்டமிட்டுக் காத்திருக்கும். இல்லாதது அருகிலுள்ள பாத்தாமுக்கோ ஜோகூர் செனாய்க்கோ திரும்பி, எரிபொருள் நிரப்பி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வரும். இரண்டும் பாதுகாப்பானவை. உங்கள் நாள் கெடுவது ஒன்றில் மட்டும்.

புயலைச் சுற்றிப் போனால் எரிபொருள் வீணாகும் என்று அதற்குள்ளேயே போவார்களா என்றும் கேட்கிறார்கள். சில பத்துக் கிலோமீட்டர் விலகினால் கூடுவது நூறு நூற்றைம்பது கிலோதான். அதற்காக யாரும் இடிமேகத்துக்குள் நுழையமாட்டார்கள்.

இருக்கையும் சாப்பாடும் சுருங்கியதற்கு எரிபொருள்தான் காரணமா?

மெலிந்த இருக்கை ஒவ்வொன்றிலும் சில கிலோவை மிச்சப்படுத்துகிறது, உண்மைதான். ஆனால் அதன் பெரிய பலன் இன்னொரு வரிசையைச் சேர்க்க முடிவது. ஒரே எரிபொருளை அதிகம் பேரிடம் பிரித்துக்கொள்ளலாம். முழங்கால் கொடுக்கும் விலை அது. உணவை முன்கூட்டியே பதிவுசெய்யச் சொல்வதில் எடைக்குறைப்பைவிட வீணாவதைக் குறைப்பதே முக்கியம். குறுந்தொலைவில் தட்டுக்குப் பதில் காகிதப் பெட்டியில் பிரியாணி வருவதில் எடையும் ஒரு காரணம். ருசி குறைந்ததற்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது.

புதிய எஞ்சின் விமானங்கள் அடிக்கடி நிற்கின்றனவே?

நியோ வகை பழையதைவிட 15 முதல் 20 விழுக்காடு குறைவாக எரிக்கிறது. ஆனால் உள்ளே அதிக வெப்பம், அதிக அழுத்தம். ஸ்கூட், இண்டிகோ போன்றவை பயன்படுத்தும் பிராட் அண்ட் விட்னி எஞ்சின் வகையில், உலோகத்தூளில் கலந்த மாசால் சில வட்டுகளில் விரிசல் வரலாம் என்று 2023இல் தெரியவந்தது. நூற்றுக்கணக்கான எஞ்சின்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றுக்கும் 300 நாள்வரை. இண்டிகோவின் 70க்கும் மேற்பட்ட விமானங்கள் ஒரு கட்டத்தில் தரையில் நின்றன. இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு கொடுத்தபோது இந்த எஞ்சின்களைத்தான் காரணம் காட்டியது.

பயணிக்கு இதன் பொருள்: விமானம் மாற்றப்படும், காசு கொடுத்துத் தேர்ந்தெடுத்த இருக்கை எண் மாறிப்போகும், வாடகைக்கு எடுத்த பழைய விமானம் வந்து நிற்கும். பயணத்துக்கு முந்தின நாள் முன்பதிவைத் திறந்து இருக்கை எண்ணைப் பாருங்கள். பணம் கட்டிய இருக்கை கிடைக்காவிட்டால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் வராது.

நியூயார்க் நேரடி விமானத்தில் எக்கானமி ஏன் இல்லை?

15,300 கிலோமீட்டர், 18 மணி நேரத்துக்கு மேல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க் அருகேயுள்ள நுவார்க்குக்கு நான்கு எஞ்சின் ஏ340-500ஐ விட்டது. 200,000 லிட்டருக்கு மேல் கொள்ளும் அந்த விமானம் எரிபொருள் விலையில் தாக்குப்பிடிக்க முடியாமல் 2013இல் நின்றது. 2018 அக்டோபரில் இரண்டே எஞ்சின் உள்ள ஏ350-900யுஎல்ஆர் 165,000 லிட்டர் தொட்டியோடு அதே தூரத்தைத் தொடங்கியது. இருக்கை 161தான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எக்கானமி. இவ்வளவு தூரத்தில் கடைசி மணி நேரங்களுக்கான எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் எரிகிறது. மலிவு இருக்கையின் வருமானம் அந்த எடைக்குக் கட்டுப்படியாகாது. எக்கானமியில் போக நினைப்பவர் ஓர் இடத்தில் இறங்கிப் போவதே வழி.

எரிபொருள் செலவைக் காரணம் காட்டி விமானத்தையே ரத்து செய்தால் என்ன கிடைக்கும்?

பாதி காலியான இரு விமானங்களை ஒன்றாக்குவது எரிபொருள் விலை ஏறும்போது முதலில் நடப்பது. 93 பேரோடு பறந்தால் தலைக்கு 57 கிலோ என்பது 97 கிலோவாகிவிடுகிறதே.

ஐரோப்பாவில் 250 முதல் 600 யூரோ இழப்பீடு என்று சட்டம் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நகரத்திலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்சில் கிளம்பினாலும் பொருந்தும். சிங்கப்பூரில் அப்படி நிர்ணயித்த தொகை இல்லை. நிறுவனத்தின் பயண ஒப்பந்த விதிகள்தான் ஆதாரம். பொதுவாக மாற்று விமானம் அல்லது முழுப் பணம் என்று இருக்கும். அவர்கள் முதலில் நீட்டும் பற்றுச்சீட்டை (வவுச்சரை) ஏற்றுக்கொண்டால் பணத்தைக் கேட்பது கடினமாகிவிடும். எனவே எது வேண்டும் என்று முடிவுசெய்த பிறகே அந்தப் பொத்தானை அழுத்துங்கள். முகவர்வழி வாங்கியிருந்தால் பணமும் அவர்வழிதான் திரும்பும், கூடுதல் வாரங்கள் ஆகும்.

நீங்களே பயணத்தைக் கைவிட்டு, டிக்கெட் பணம் திரும்பாத வகையாக இருந்தாலும், சாங்கிக் கட்டணங்களைக் கேட்டுப் பாருங்கள். 2024 ஏப்ரல் முதல் அவை பயணிச் சேவை மற்றும் பாதுகாப்புக் கட்டணம் 46.40, விமான நிலைய மேம்பாட்டுத் தீர்வை 10.80, விமானப் போக்குவரத்துத் தீர்வை 8, மொத்தம் 65.20 வெள்ளி. பறக்காதவருக்கு அதைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் உண்டு, நிர்வாகக் கட்டணம் பிடித்துக்கொள்ளலாம்.

பேசித் தீராவிட்டால் முதலில் எழுத்தில் புகார், பிறகு பயனீட்டாளர் சங்கமான கேஸ், அதற்கும் மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. பயனீட்டாளருக்கு 5,000 வெள்ளிக்குட்பட்ட வழக்கின் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, வைத்துக்கொள்ளவும் முடியாது. ரத்து அறிவிப்பு வந்த மின்னஞ்சல், பணம் கட்டிய சான்று, நிறுவனத்தோடு பேசிய தேதிகள், மாற்று டிக்கெட்டின் ரசீது ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள்.